மலைக்கு வேலை செய்ய வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாரக் கடைசியில் ஓடைக்கரையிலும் ஊர்ப் பொதுநிலத்திலும் களைச்செடி எடுக்கிறோம், குப்பை பொறுக்குகிறோம், சின்னதாக ஒரு நர்சரியில் சோலை மரக் கன்றுகள் வளர்க்கிறோம். கூட வேலை செய்ய வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், வருவதற்கு முன்னால் எல்லாருமே ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். போனில் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்து எழுதிவிட்டேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள், பின்னால் வருகிற சில பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

அக்கா, நான் சென்னை. ஊட்டிப் பக்கம் ஏதாவது சேவை பண்ணிட்டு அப்படியே சுத்தியும் பார்க்கணும். என்ன வேலை குடுப்பீங்க?

தாராளமாக வாங்க. நாங்கள் இருப்பது ஊட்டியில் இல்லை, கோத்தகிரியில், ஊட்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். வேலை பெரும்பாலும் மண்வேலைதான். வெளியிலிருந்து வந்து இங்கே பரவிக் கிடக்கிற உண்ணிச்செடி, செஸ்ட்ரம், சீகைக் கன்று (சீகைக்காய் இல்லை, வாட்டில் என்கிற மரம்) இதையெல்லாம் வேரோடு எடுப்பது, நர்சரியில் பை நிரப்புவது, விதை ஊன்றுவது, சாலையோரத்திலும் ஓடையிலும் கிடக்கிற பாட்டிலையும் கவரையும் பொறுக்கித் தரம் பிரிப்பது. குனிந்து வேலை செய்ய முடியாதவர்கள், நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்திருக்கிறது என்று எண்ணிக் குறித்துத் தரலாம். அதற்குத்தான் எங்களுக்கு எப்போதும் ஆள் கிடைப்பதில்லை.

காலை 8 மணிக்கு ஆரம்பித்து மதியம் 1 மணிக்கு முடித்துவிடுவோம். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும், சாயங்காலமானால் காட்டுமாடு நடமாட்டமும் உண்டு, அதனால் இந்த நேரக் கணக்கு. சாப்பிட்டதற்கு அப்புறம் நீங்கள் ஊர் சுற்றப் போகலாம்.

எந்த மாசம் வரலாம்? எனக்கு மே மாசம்தான் லீவு.

மே மாதம் வாங்க, ஆனால் கன்று நடலாம் என்ற எண்ணத்தோடு வர வேண்டாம். நீலகிரி ஒரே மலை என்றாலும் மழை ஒரே மாதிரி இல்லை. கூடலூர், ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடித்துக்கொள்ளும். கோத்தகிரியும் குன்னூரும் கிழக்குச் சரிவு, எங்களுக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவத்தில்தான். நடவு மழையோடு போகிற வேலை, உங்கள் லீவுக்கு ஏற்ப அதை நகர்த்த முடியாது.

மே மாதத்தில் எங்களுக்கு உண்மையாகவே ஆள் தேவைப்படுவது குப்பைக்கு. மலர்க் கண்காட்சி, கோடை விழா என்று மலையே நிரம்பி வழிகிற மாதம் அது, ஒரு வருடக் குப்பையில் பெரும்பங்கு அப்போதுதான் சேர்கிறது. சீசனில் சுற்றுலாவுக்கு வந்த ஒருவர் நாலு மணி நேரம் சாலையோரத்தில் குப்பை பொறுக்கினால் அது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீக் காலம், காட்டை ஒட்டிய வேலை எதுவும் வைத்துக்கொள்ள மாட்டோம், நர்சரி மட்டும் நடக்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும், விடியற்காலையில் புல் மேல் வெள்ளையாகப் படிந்து கிடப்பதைப் பார்க்க ஆசை இருப்பவர்கள் அப்போது வரலாம்.

சனி, ஞாயிறு ரெண்டு நாள் போதுமா?

குப்பைக்கும் களைக்கும் போதும். முதல் நாள் முழுக்கப் பழகிக்கொள்வதிலேயே போய்விடும், இரண்டாம் நாள்தான் கை வேலையில் படியும். நாலு நாள் வந்தால் மூன்று காலை வேலை, ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றல் என்று வைத்துக்கொள்ளலாம், எனக்குத் தெரிந்து இதுதான் வருகிறவர்களுக்கும் எங்களுக்கும் நன்றாக ஒத்துவருகிறது. ஒரே நாளில் காலை ஊட்டி ஏரி, மதியம் களை எடுப்பு, சாயங்காலம் தொட்டபெட்டா என்று திட்டம் போட்டு வருகிறவர்கள் எதையும் பார்க்காமல், எதையும் செய்யாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

எனக்கு மரம் நடணும்னுதான் ஆசை. புல்லா கிடக்கற மொட்டை மலையில நட்டா நல்லதுதானே?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து, வெறும் புல்லாகக் கிடந்த ஒரு சரிவில் வரிசையாகக் குழி வெட்டிக் கன்று நட்டோம். எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். மாடு மேய்க்க அந்த வழியாக வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, இந்தப் புல்லில் உங்களுக்கு என்ன குறை என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அப்புறம் படித்தும் கேட்டும்தான் தெரிந்துகொண்டோம்.

மேல்மலையில் புல்வெளியும் சோலையும் சேர்ந்ததுதான் காடு. மடிப்பிலும் ஓடைப் பள்ளத்திலும் சோலை இருக்கும், மேட்டில் புல் இருக்கும். மழைத் தண்ணீரைப் பிடித்து மண்ணுக்குள் மெல்ல இறக்குவதில் அந்தப் புல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. வரையாடு மேய்வது அங்கேதான். 12 வருடத்துக்கு ஒரு தடவை பூக்கிற நீலக்குறிஞ்சிக்கும் அந்தத் திறந்த புல்வெளிதான் வேண்டும், 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. வெள்ளைக்காரர்கள் 1840-களில் விறகுக்காகக் கற்பூர மரத்தையும் சீகையையும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள், அப்புறம் நம் அரசாங்கமே தோல் பதனிடவும் காகிதக்கூழுக்கும் என்று இன்னும் பல மடங்கு நட்டது, இப்படி மேல்மலைப் புல்வெளியில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருக்கிற புல்லையாவது விட்டுவைப்போம். நடுகிறோம், ஆனால் முன்பு சோலை இருந்து அழிந்துபோன ஓடைக்கரையில், சோலை மரங்களை மட்டும் நடுகிறோம்.

செடி புடுங்கறதுல என்ன பெரிய வித்தை இருக்கு? சொல்லிட்டீங்கன்னா நாங்களே செஞ்சுடுவோமே.

உண்ணிச்செடியை மேலே பிடித்து இழுத்தால் தண்டு கையோடு வந்துவிடும், வேர் உள்ளே தங்கிவிடும், அடுத்த மழையில் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்து தண்டு கிளம்பும். அதனால் முதலில் கிளைகளை வெட்டித் தள்ளிவிட்டு அடிக்கு வர வேண்டும். தண்டும் வேரும் சேருகிற இடத்தில் முட்டி மாதிரி தடித்திருக்கும், புதிதாகத் துளிர்ப்பதெல்லாம் அங்கிருந்துதான். மண்ணை விலக்கி, அந்த முட்டிக்குக் கீழே, மண்மட்டத்திலிருந்து இரண்டு மூன்று விரல்கடை ஆழத்தில் ஆணிவேரை வெட்டி எடுக்க வேண்டும். எடுத்ததை வேர் மேலே பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும், அப்போதுதான் மண்ணைத் தொட்டு மறுபடி பிடிக்காமல் காய்ந்து சாகும்.

இவ்வளவுதான் விஷயம், ஆனால் முதல் செடிக்கு இருபது நிமிஷம் ஆகும். தண்டு முழுக்கக் கொக்கி மாதிரி முள், இலையைக் கசக்கினால் ஒரு காட்டமான வாடை கையிலேயே தங்கிவிடும், தடித்த கையுறை இல்லாமல் யாரையும் இறங்க விடுவதில்லை. காய் கறுப்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும், கறுத்தால் கொண்டைக்குருவி தின்று மலை முழுக்க விதைத்துவிடும். அப்புறம் ஒரு விஷயம்: சோலை ஓரத்தில் பக்கத்திலேயே நம் காட்டுச் செடியும் இருக்கும், ஆர்வத்தில் அதையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள். அதனால்தான் புதிதாக வருகிறவர் ஒருவருக்குப் பழகியவர் ஒருவர் என்று சோடி சேர்த்து அனுப்புகிறோம்.

நாங்க சும்மா வேலை செய்ய வர்றோம், எங்ககிட்டயே காசு கேக்கறீங்களே, இது நியாயமா?

நியாயமான கேள்வி. நீங்கள் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஜீப் வாடகைக்கும் ஆகிற செலவை மட்டும்தான் கேட்கிறோம், கணக்கை நோட்டில் எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறோம், யாரும் புரட்டிப் பார்க்கலாம். அந்தச் செலவை நாங்கள் ஏற்றால் விதைக்கும் கருவிக்கும் வைத்திருக்கிற பணம் அதில் போய்விடும். கோத்தகிரியில் சொந்தக்காரர் வீடு இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்கிறேன் என்றால் தாராளமாகத் தங்குங்கள், ஒரு ரூபாய் தர வேண்டாம்.

வேறு எங்கே போனாலும், அது எந்த நாடாக இருந்தாலும், காசு கேட்டால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பெரிய தொகை வாங்கிக்கொண்டு, அதில் எவ்வளவு அந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டால் மழுப்புகிறவர்களிடம் போகாதீர்கள்.

என்னென்ன எடுத்துட்டு வரணும்?

முழுக்கை சட்டை, முழுக்கால் பேன்ட், பிடிமானம் உள்ள ஷூ, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, டார்ச். கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மே மாதத்தில்கூட ராத்திரி கம்பளி வேண்டும். கொண்டை ஊசி வளைவில் வயிற்றைப் புரட்டுகிறவர்கள் ஏறுவதற்கு முன்னால் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கவர் எதுவும் வேண்டாம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்துகிற பிளாஸ்டிக்குக்கும் பாட்டில் தண்ணீருக்கும் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். ஸ்டீல் பாட்டில் கொண்டுவந்தால் ஊரெங்கும் வைத்திருக்கிற தண்ணீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் வருகிறவர்கள் ஒரு துணியில் உப்பு முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள், உப்பு பட்டால் தானே விழுந்துவிடும். அது விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், ரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் செலுத்திவிட்டுத்தான் குடிக்கிறது. கழுவித் துடைத்துத் துணி கட்டினால் நின்றுவிடும், பயப்பட ஒன்றுமில்லை.

சொந்தக் கார்ல வரலாமா? இ-பாஸ் கிடைக்குமா?

வரலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரலில் இருந்து கோடை சீசனுக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000. அதனால் சீசனில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே இணையத்தில் போட்டுவிடுங்கள், கிளம்புகிற நாளில் போட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

என்னைக் கேட்டால் பஸ்ஸில் வாங்க என்பேன். அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான், அந்த மலைப்பாதையில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து வருவதே பாதி சுற்றுலா. கார் ஓட்டுகிறவருக்கு வளைவைத் தவிர ஒன்றும் கண்ணில் படாது.

பொம்மை ரயில்ல வந்து இறங்கலாம்ல?

கோத்தகிரிக்கு ரயில் கிடையாது. மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி வாக்கில் ஏறி, குன்னூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். ஆனால் நேரம் இருந்தால் கட்டாயம் இப்படி வாங்க. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை, 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் பல்லாக ஒரு பட்டை வரும், என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் மேலே ஏறும். ஊட்டி வரை 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். டிக்கெட் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்து ரயில் ரத்தாவது அடிக்கடி நடப்பது, நடவுக்கு வருகிறவர்கள் ரயிலை மட்டும் நம்பி வராதீர்கள்.

வேலை முடிஞ்சதும் எங்கே போகலாம்? கூட்டம் இல்லாத இடமா சொல்லுங்க.

முதலில் லாங்வுட் சோலையைப் பார்த்துவிடுங்கள். கோத்தகிரி ஊரை ஒட்டியே 116 ஹெக்டேர், சுற்றியிருக்கிற ஊர்களுக்குக் குடிதண்ணீர் தருகிற சோலை, 2024 ஜனவரியில் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறை அனுமதியோடு போக வேண்டும். காலையில் நீங்கள் பை நிரப்பி வைத்த கன்று, பல வருடம் போனால் எப்படி நிற்கும் என்பதை அங்கே அண்ணாந்து பார்க்கலாம். உள்ளே போனதும் வெளிச்சம் குறைந்து, பாசி படிந்த தண்டுகளுக்கு நடுவில் நம் காலடிச் சத்தமே நமக்குக் கேட்காது, அப்படி ஒரு இலைமெத்தை.

கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய வீடு இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம், கோத்தகிரியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடைதான். கோவை கலெக்டராக இருந்து மலைக்கு வந்தவர், ஊட்டி உருவாவதற்கு முன்பே இங்கே வந்து குடியேறினார். கோடநாடு காட்சிமுனைக்குக் காலையிலேயே போங்கள், கீழே மோயாறு பள்ளத்தாக்கும் எதிரே ரங்கசாமி சிகரமும் தெரியும், பதினொரு மணிக்கு மேல் போனால் மூடுபனியை மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள். கேத்தரின் அருவியை டால்பின் நோஸ் காட்சிமுனையிலிருந்து பார்த்தால்தான் முழு உயரமும் தெரியும், அந்தக் காட்சிமுனை குன்னூர் பக்கம்.

உங்க கூட காட்டு வேலை செய்யறோம்ல, அந்த உரிமையில ட்ரெக்கிங்கும் நாங்களே போயிடலாமா?

கூடாது. எங்கள் வேலையே பெரும்பாலும் பொதுநிலத்திலும் எஸ்டேட் ஓரத்திலும்தான், காப்புக்காட்டுக்குள் கால் வைப்பதாக இருந்தால் நாங்களும் வனத்துறையிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் போகிறோம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீக்காலத்தில் காட்டை ஒட்டி வேலை வைக்க மாட்டோம் என்று மேலே சொன்னதற்கும் இந்த பயம்தான் காரணம்.

முறையாகப் போக வழி இருக்கிறது. தமிழக அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து இணையப் பதிவைத் திறந்தது, உள்ளூர் பழங்குடி இளைஞர்கள்தான் பல இடங்களில் வழிகாட்டிகள். எங்கள் பக்கத்தில் கரிக்கையூரிலிருந்து ரங்கசாமி சிகரம் போகிற பாதை இருக்கிறது, நல்ல ஏற்றம், பழக்கம் இருந்தால் மட்டும் எடுங்கள். கரிக்கையூரில் பழங்காலப் பாறை ஓவியங்கள் உண்டு. அனுமதியில்லாமல் போன யாரோ அதன் மேல் கிறுக்கி வைத்திருக்கிறார்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

காட்டுமாடு எதிர்ல வந்தா என்ன பண்றது?

நில்லுங்கள், பேசாமல் பின்வாங்குங்கள், அது போக வழி விடுங்கள். தேயிலைத் தோட்டத்தில் சாதுவாக மேய்ந்துகொண்டிருக்கும், கோத்தகிரி பஜார் பக்கம்கூட வந்து நிற்கும், அதைப் பார்த்துப் பசுமாடு மாதிரி என்று நினைத்துவிடுகிறார்கள். ஆண் மாடு ஒரு டன் வரைக்கும் எடை வரும், முட்டினால் உயிர் போகும். செல்ஃபி எடுக்கக் கிட்டே போகாதீர்கள், கன்றோடு இருந்தால் அந்தப் பாதையையே விட்டுவிடுங்கள். கரடியும் சிறுத்தையும் உண்டு. இருட்டிய பிறகு தனியாக நடப்பது வேண்டாம், போயே ஆக வேண்டும் என்றால் டார்ச்சோடு, பேசிக்கொண்டே, இரண்டு பேராகப் போங்கள்.

பழங்குடி கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்களா? அவங்களோட ஒரு நாள் இருந்து பார்க்கணும்.

வேடிக்கை பார்க்கக் கூட்டிக்கொண்டு போவதில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று, தமிழ்நாட்டில் மிக நலிந்த பழங்குடிகள் என அரசு வகைப்படுத்திய ஆறு சமூகங்களும் வாழ்வது இந்த மாவட்டத்தில். ஒவ்வொரு சமூகத்துக்கும் தனி மொழி, தனி முறை. ஒரு மந்துக்குள்ளோ (தோடர் குடியிருப்பு) ஊருக்குள்ளோ அழைப்பில்லாமல் பத்துப் பேர் கேமராவோடு நுழைவது, உங்கள் வீட்டுக் கூடத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் நுழைவது மாதிரிதான். தோடர்களின் பால் கோயிலுக்குள் வெளியாட்கள் போகக் கூடாது, கிட்டே போவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை அழைத்துப் போனால் அது வேறு. அவர்கள் ஊரில் ஊற்று தூர்ந்திருக்கிறது, கை கொடுங்கள் என்று அவர்களே கேட்ட நாட்களில் போயிருக்கிறோம், அன்றைக்கு வந்தவர்கள் சேர்ந்து மண் அள்ளினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், படம் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒரு நாள் அமையும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பூத்துக்குளி என்கிற தோடர் சால்வை வாங்க ஆசைப்பட்டால், வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் கையால் போடுகிற அந்த வேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள்.

குழந்தைங்க இல்லத்துல ரெண்டு நாள் இங்கிலீஷ் சொல்லித் தரலாமா? குழந்தைங்கன்னா எனக்கு உயிர்.

உங்கள் மனசு புரிகிறது, ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாரம் ஒரு புது முகம் வந்து கொஞ்சிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கையசைத்துவிட்டுப் போனால் அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு பிரிவு. இரண்டு நாளில் ஒரு பாடமும் ஏறாது. முன்பின் விசாரிக்காமல் யாரையும் குழந்தைகளோடு விடுகிற இல்லம், பாதுகாப்பான இல்லம் இல்லை. நேபாளத்தில் வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் காசுக்காகவே பெற்றோர் உள்ள பிள்ளைகளைக் கிராமத்திலிருந்து கொண்டுவந்து அநாதை என்று காட்டிய இல்லங்கள் உண்டு.

குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால், ஆசிரியர் கேட்கிற பொருளை வாங்கிக் கொடுங்கள், அல்லது ஆறு மாதம் தொடர்ந்து தர முடிகிற ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள்.

அக்கா, நான் மலேசியா. டூரிஸ்ட் விசாவுல வந்து இந்த வேலை செய்யலாமா?

இந்தியாவின் இ-டூரிஸ்ட் விசாவில் குறுகிய காலத் தன்னார்வப் பணிக்கு இடம் இருக்கிறது: அதிகபட்சம் ஒரு மாதம், அதற்காகப் பணமோ வேறு எந்தக் கைம்மாறோ வாங்கக் கூடாது. சாப்பாடு, தங்கல் செலவை நீங்களே கட்டுவது நல்லது என்று நான் சொல்வதற்கு, காசைப் பற்றி மேலே சொன்னது போக இதுவும் ஒரு காரணம். விண்ணப்பத்தில் ஊர் சுற்ற மட்டும் என்று எழுதிவிட்டு வராதீர்கள், செய்யப் போவதை உள்ளபடி எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் இந்தியத் தூதரகத்தில் கேட்டுச் சரியான விசா எடுத்து வாங்க. இங்கே ஹோட்டலோ ஹோம்ஸ்டேவோ, வெளிநாட்டவர் தங்கினால் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும், பாஸ்போர்ட் நகல் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

நாங்க இங்கேருந்து நேபாளம், இலங்கைன்னு போய் இதே மாதிரி செய்ய முடியுமா?

முடியும், ஆனால் நம் விசாவில் இடம் இருக்கிறதே என்று எல்லா நாட்டையும் அதே கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நாடுகளில் சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலையும் கூடாது, பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். உங்களை அழைக்கிற அமைப்பு "டூரிஸ்ட் விசாவிலேயே வந்துடுங்க, யாரும் கேட்க மாட்டாங்க" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம், விமானத்தில் போகப் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும், 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதாரை ஏற்பதில்லை. அங்கே குழந்தைகள் இல்லம் பற்றி மேலே சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்க கனடா. அம்மம்மா நுவரெலியா தோட்டத்துல பிறந்தவங்க. அங்கேருந்து வந்தவங்க கோத்தகிரியில இருக்காங்களாமே?

இருக்கிறார்கள், நிறையப் பேர். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவே அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது, அதுதான் இன்றைய டான்டீ. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் எங்கும் அந்தக் குடும்பங்கள் உண்டு. எங்கள் குழுவிலேயே மூன்று பேர். அம்மம்மா இருந்த தோட்டத்தின் பெயரும், தெரிந்தால் டிவிஷன் பெயரும் எழுதிக்கொண்டு வாங்க, அந்தப் பெயரைச் சொன்னால் இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு ஞாபகம் வரும். ஒரு டீயும் வர்க்கியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம் போவதே தெரியாது, ஆனால் அகதி, சிலோன்காரர் என்று அவர்களை யாரும் கூப்பிடுவதை நான் விரும்புவதில்லை.

வர முடியல, பணம் அனுப்பிடறேனே? சிங்கப்பூர்ல இருக்கேன்.

நீங்கள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், உங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக இந்திய அமைப்புகளுக்கு அனுப்புவதில் சிக்கல் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், உங்கள் நன்கொடை வெளிநாட்டுப் பணம்தான், எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு உள்ள அமைப்பு மட்டும்தான் வாங்க முடியும். எங்களுக்கு அந்தப் பதிவு இல்லை, அதனால் தயவுசெய்து என் சொந்தக் கணக்குக்குப் போட்டுவிடட்டுமா என்று கேட்காதீர்கள்.

சர்டிஃபிகேட் தருவீங்களா?

கல்லூரி கேட்டால், எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் என்ன வேலை செய்தீர்கள் என்று கடிதம் தருவோம். செய்யாத மணி நேரத்தை எழுதித் தர மாட்டோம்.

எங்களுக்குக் கொடைக்கானல்தான் கிட்ட. அங்கே யாரைக் கேக்கலாம்?

பழனி மலையிலும் இதே கதைதான், சோலையும் புல்வெளியும் சீகையும். வட்டக்கானல் கன்சர்வேஷன் டிரஸ்ட் பல வருடமாகச் சோலை மீட்பில் இருக்கிறது, 1985-இல் ஆரம்பித்த பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சிலும் உண்டு. நீலகிரியிலேயே குன்னூர் பக்கம் தங்குகிறவர்கள் குப்பை வேலைக்கு 'கிளீன் குன்னூர்' ஆட்களைக் கேட்கலாம். போவதற்கு முன்னால் எழுதிக் கேளுங்கள், திடீரென்று போய் நிற்காதீர்கள். பேரிஜம் ஏரியைப் பார்க்க வனத்துறை அனுமதி வேண்டும்.

நாங்க போன அப்புறம் அதெல்லாம் மறுபடி முளைச்சுடாதா? அப்புறம் என்ன பிரயோஜனம்?

முளைக்கும். சீகை விதை மண்ணுக்குள் ஐம்பது வருடம்கூட உயிரோடு கிடக்கும், மேலே இருக்கிற மரத்தை வெட்டி வெயில் பட்டதும் கீரைப்பாத்தி மாதிரி முளைத்துவரும். அதனால் ஒரே இடத்துக்கு வருடா வருடம் திரும்பப் போகிறோம். முதல் வருடம் ஒரு பாத்திக்கு ஒரு நாள் பிடித்தால், நாலாவது வருடம் ஒரு மணி நேரத்தில் முடிகிறது, நடுவில் புல்லும் ஒன்றிரண்டு நாவல் கன்றும் தானாகத் தலைதூக்கியிருக்கும்.

வேலை செய்த ஒவ்வொரு துண்டுக்கும் மூங்கில் குச்சி நட்டு எண் எழுதியிருக்கிறோம், நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே வந்தவர்கள் பெயரும் தேதியும் இருக்கும். மதுரையிலிருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா மூன்று வருடமாக வருகிறார், 14-ஆம் எண் துண்டு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் முதலில் அங்கேதான் போவார்.